சர்க்காரு குடுத்த தகரம்

அதேன் கேக்குறேன் சார், மலையில கெடக்குற கரடிய வீட்டுக் கொல்லைக்கு வரவழைக்க அந்த செபாஸ்டினுக்கு யாரு அனுமதி குடுத்தா? எழுதுங்க. மொதல்ல அத எழுதுங்க. செபாஸ்டின், நமக்கு மேப்பக்கத்துத் தோட்டக்காரரு, இங்க பறம்பும்பாக. வேலிக்கு அந்தால வரிசையா தேன்பெட்டி வெச்சிருக்காரு பாத்தீகளா, எட்டுப் பெட்டி. கரடிக்குத் தேனுன்னா உசுருன்னு பால்குடிப் புள்ளைக்குந் தெரியும், அவருக்குத் தெரியாதாம். கேட்டா சிரிக்கிறாரு. ‘அழகுத்தாயி, கரடி உங்க பறம்புல இருந்துல்லே வருது’ன்னு என்னையவே திருப்பிக் கேக்குறாரு. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க.

உக்காருங்க சார். அந்த ஸ்டூலு ஆடும், செவுத்தோரமா நகத்திப் போட்டுக்கங்க. புது பாரஸ்டு கார்டா நீங்க? முன்னாடி இருந்தவரு வந்தா வேலிக்கு அங்கிட்டே நின்னு, எல்லாஞ் சரிதானேன்னு கேட்டுட்டு, நம்ம வாயத் தொறக்கிறதுக்குள்ள போயிருவாரு. நீங்க நோட்டெல்லாம் எடுத்து உக்காந்து கேக்குறீக. தமிழ் புரியும்ல? குமுளியில இருந்துக்கிட்டு எப்பிடிப் புரியாமப் போகும். எழுத்து மலையாளத்துலயே இருக்கட்டும், ஆனா நாஞ் சொல்றத எழுதுங்க.

எம் பேரா? அதேன் சொன்னேனே, அழகுத்தாய். வீட்டுக்காரர் பேரு... அது எப்பிடி சார் வாயில வரும். கோயில்ல குடுப்பாகள்ல, நெத்தியில இட்டுக்க. திருநீறு இல்ல. குங்குமமும் இல்ல. ஆங், அதேன், நீங்களே சொல்லிட்டீக. சந்தனம். எஸ்டேட்டு ஏலக்கா ஸ்டோர்ல வேல. காயப் போட்ட ஏலக்காய வலது கையால அளஞ்சு பாத்து, இது போதும், இது இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கட்டும்னு சொல்லுவாக. எஸ்டேட்டுத் தொரைமாருகிட்டயே அந்தக் கைக்கு ஒரு மரியாத உண்டு சார். இப்ப அந்தக் கையத்தேன் கரடி கிழிச்சுப்புடுச்சு. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும். மலை எறக்கிக் கம்பம் டவுனு ஆஸ்பத்திரியில சேத்தோம். ரெண்டு வெரலு மடங்க மாட்டேங்குதாம். இன்னைக்கு நாலு மணி பஸ்சுல வர்றாக. நானே போயிக் கூட்டியாந்திருப்பேன், நீங்க வருவீகன்னு ஆள் சொல்லிவிட்டாக, அதேன் இருந்துட்டேன்.

ஆமா, போன ஞாயித்துக்கெழமதேன். சாயங்காலம். சொல்றேன், எல்லாத்தையும் வரிசையாச் சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தத் தகரத்தப் பாருங்க.

பாருங்க சார், சும்மா பாருங்க. உங்க ஆபீசு குடுத்ததுதேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஜீப்புல ஏத்தியாந்து வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாக. மண்ணெண்ண டின்ன வெட்டி, நிமுத்தி, ஒரு மூலையில ஓட்டயப் போட்டு, கயிறு கட்டி, கூட ஒரு குச்சி. ஒரு பெரிய ஆபீசரு நடுவுல நின்னு தட்டிக் காட்டுனாரு. கரடி வந்தா இப்பிடித் தட்டணும், ஓடிப்போயிரும்னாரு. அன்னைக்கு ஓடுனது எங் கோழி மட்டுந்தேன். ரெண்டு நாளு முட்டையிடல.

சரி, சர்க்காரு சொல்லுதேன்னு எல்லாரும் தட்டுனாக. மேல ராமுத்தா வீட்ல கரடி வந்துச்சு, தட்டுனாக. ஓடலியே சார். நின்னு பாத்துட்டு அவுக வாசலுக்கே வருது. ஆபீசுல போயிச் சொன்னா, நீங்க பலமாத் தட்டலன்னாக. பலமாத் தட்டுனாக. வெரசா வந்துச்சு. பஞ்சாயத்து மெம்பரு வந்து பாத்துட்டு, சத்தம் பத்தல, வீட்டுக்கு ரெண்டு தகரம் வேணும்னு அபேட்ச, அதேன் மனு, எழுதிக் குடுத்தாரு. அவரு எழுதிக்கிட்டு இருக்கையிலதேன் ராமுத்தா வீட்டு அடுப்படிக்குள்ள பூந்து கப்பக்கெழங்குச் சட்டிய உருட்டிட்டுப் போச்சு. அபேட்ச போயிருச்சு, தகரம் வரல. அதையும் எழுதுங்க. வராட்டியும் நல்லதுக்குத்தேன்.

ஏன் நல்லதா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார். உங்க கையிலயும் ஒண்ணு தொங்குதே. காட்டு வழியில போனா தட்டிக்கிட்டே போகணும்னு ரூலாக்கும்? அது சரி. ரூலு போடுறவுக ஜீப்புல போறாக.

எங்க விட்டேன்? ஆங், செபாஸ்டின். அந்தப் பெட்டியெல்லாம் எடுக்கச் சொல்லி ஒரு நோட்டீசு குடுங்க. அதேன் வேணும் எனக்கு. அவரு பொழப்பு அதுதேன், தெரியும். பாலாங்கிற ஊருல இருந்து வந்து, மொளகு வெச்சுக் கெட்டு, இப்பத்தேன் தேன்ல கொஞ்சம் மூச்சு விடுறாரு. நமக்கென்ன சார். எங்க வீட்டு மனுசனுக்குக் கை போச்சுல்ல. யாராச்சும் ஒருத்தரு பதில் சொல்லணும்ல.

இல்ல சார், பெட்டியெல்லாம் ஒடைக்கல. எட்டும் நல்லாத்தேன் இருக்கு. கரடி தேனத் தொட்டதே இல்ல.

அது... எப்பிடித் தெரியும்னா... பாத்ததுதேன். வேலியோரமாத்தேன் போகும், பெட்டியத் திரும்பிக்கூடப் பாக்காது. வயிறு நெறஞ்சிருந்தா எதுக்குப் பாக்கப் போகுது. தேனீகிட்டக் கொட்டு வாங்கணும்னு தலையெழுத்தா அதுக்கு. நீங்க என்ன சார் அதப் போயி எழுதுறீக? நாஞ் சொல்றத எழுதுங்கன்னா, சொல்லாததையெல்லாம் எழுதுறீக.

வெயிலு எறங்கிருச்சு. மூணரை இருக்குமா? கொஞ்சம் வெரசாச் சொல்லிர்றேன்.

பாருங்க, கரடின்னா எல்லாரும் கெட்டதுன்னே பேசுறாக. அதுல ஒரு நல்லதும் இருக்கு. ஏலக்கா பறிக்கிற காலத்துல களவு எம்புட்டு நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. பழுத்து நிக்கிற செடிய ராவோட ராவா உருவிட்டுப் போயிருவாய்ங்க. நமக்கு இருக்குறது ஒண்ணே முக்கா ஏக்கரு. அதுக்குக் காவலு ஆசீர்வாதம்னு ஒரு ஆளு. அவரு காவக்குடிசையில படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. போன வருசம் கரடி நடமாட ஆரம்பிச்சுச்சு பாருங்க, ஒரு செடி, ஒரு காயி, எவன் கை வெச்சான்? கரடி சுத்துற தோட்டத்துல எவன் சார் நொழைவான்? கரடி பீடி கேக்காது, சம்பளங் கேக்காது, தீபாவளிக்கு வேட்டி கேக்காது. ஆசீர்வாதத்த வேணாம்னு நிறுத்திட்டேன். அந்த மனுசன் இன்னைக்கும் டீக்கடையில உக்காந்து, எனக்குப் பதிலாக் கரடிய வேலைக்கு வெச்சுட்டாகன்னு ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அது அவதூறு இல்லையா சார்? வேலைக்கெல்லாம் ஒண்ணும் வெக்கல.

என்ன பாக்குறீக அப்பிடி? காப்பி குடிக்கிறீகளா? பாலில்லாத கட்டங்காப்பிதேன். இருங்க, இருங்க, எந்திரிக்காதீக. நீங்க உக்காந்தே இருங்க, நான் அடுப்படியில இருந்தே பேசுறேன். செவுரு மண்ணு செவுருதேன், பேசுனா கேக்கும்.

கேக்குதா சார்? வெறகு ஈரமாப் போச்சு, ஆடி மழையில எதுதேன் காயுது. ஊதி ஊதிக் கண்ணு போச்சு.

சரி, மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரல, இங்கிட்டிருந்தே சொல்லிர்றேன். போன வருசம் ஆனியில ஆசீர்வாதத்துக்குக் காச்சலு. கொல்லையில உக்காந்து பலாப்பழம் அறுத்துக்கிட்டு இருக்கேன், எதுக்க வந்து நிக்குது. கருகருன்னு, மாரு மேல வெள்ளப் பட்ட. நான் ஆசீர்வாதத்தோட பழைய தகரத்த எடுத்துத் தட்டுனேன். அவரு தட்டுனாப் போயிரும். நாந் தட்டுனதுக்கு ரெண்டு கால்ல எந்திரிச்சு நின்னுச்சு. கையில இருந்த பாதிப் பழத்தத் தூக்கி எறிஞ்சேன். எடுத்துத் தின்னுட்டு, நல்ல புள்ளையா மேல ஏறிப் போயிருச்சு. அட, இம்புட்டுதானான்னு ஆயிப்போச்சு எனக்கு.

மறுநாளும் வந்துச்சு. தட்டுனேன், போட்டேன், போச்சு. நான் அதுக்கு விருந்தா வெச்சேன்? போகச் சொல்லித்தேன் குடுத்தேன். தட்டுறது ஒண்ணு, போடுறது ஒண்ணு, ரெண்டுஞ் சேந்தாத்தேன் போகுதுன்னு நெனச்சேன். பழம் முடிஞ்சதும் கப்பக்கெழங்கு அவிச்சுப் போட்டேன். வாழப்பழம், கருப்பட்டி போட்டுப் பெசஞ்ச சோறு. சாயங்காலம் சரியா நாலு மணி. பெறகு, பொய் சொல்லக் கூடாது, களவு நின்னதும் நானே கூப்புட ஆரம்பிச்சேன். வரலைன்னா மனசு கேக்காது. போயித் தகரத்தத் தட்டுவேன். எங்க இருந்தாலும் வந்துரும். வீட்டுக்காரரு ஸ்டோர்லயே கெடப்பாக, சனிக்கெழம ராத்திரிதேன் வீட்டுக்கு வருவாக. அதனால ஞாயித்துக்கெழம மட்டும் அதுக்கு லீவு.

இப்பப் புரியுதா சார்? அது தகரத்துக்குப் பயப்படாது. தகரம் தட்டுனா சோறுன்னு ஒரு வருசமா நாந்தேன் பழக்கி வெச்சிருக்கேன். அந்த நேரம் பாத்து உங்க ஆபீசு வீட்டுக்கு வீடு தகரம் குடுத்துச்சு. இந்த மேட்டுல பதினேழு வீடு. பதினேழு வீட்லயும் தட்டுனா அது என்ன நெனைக்கும்? எல்லா வீட்லயும் சாப்புடக் கூப்புடுறாகன்னுதேன் நெனைக்கும். எனக்கு மொத நாளே தெரியும். வாயத் தொறக்கல. தொறந்தா ராமுத்தா என்னய விட்டிருப்பாளா.

ஞாயித்துக்கெழம லீவுன்னு கரடிக்குத் தெரியுமா? வந்து வேலியோரமா நின்னிருக்கு. அவுக அதப் பாத்துட்டு, பாவம் செபாஸ்டின், பெட்டியெல்லாம் போயிருமேன்னு தகரத்த எடுத்துக்கிட்டு ஓடுனாக. பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லது செய்யப் போனாக சார். நான் இங்க, இதே அடுப்புக்கிட்ட நிக்கிறேன். முதல் தட்டு கேட்டுச்சு. தட்டாதீகன்னு ஒரு சத்தம் போட்டிருந்தாப் போதும். போட்டா ஏன்னு கேப்பாக. ஏன்னு கேட்டா எல்லாத்தையும் சொல்லணும். ஒரு நிமிசம் யோசிச்சேன். ஒரே நிமிசம். அதுக்குள்ள அது ஓடியாந்து, கைய மோந்து பாத்திருக்கு. கையில ஒண்ணும் இல்ல. குச்சிதேன் இருந்துச்சு.

அவுகளுக்கு இன்னும் தெரியாது. ‘எதுக்குடி அது என்னயப் பாத்து ஓடியாந்துச்சு’ன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுக் கேக்குறாக. நான் தலையணையச் சரி பண்ணுறேன். இருபத்தஞ்சு வருசத்துல அவுககிட்ட இப்பிடி ஒண்ண மறைச்சதே இல்ல சார். அவமானமா இருக்கு. இன்னைக்கு வந்ததும் சொல்லிரணும்னுதேன் இருக்கேன். அதேன் மொதல்ல உங்ககிட்டச் சொல்லிப் பாக்குறேன், வாயி வருதான்னு. வந்துருச்சு.

அதனால செபாஸ்டின் பேர அடிச்சுருங்க. நோட்டீசு வேணாம். எம் பேரயே எழுதிக்கங்க. ஆனா ஒண்ணு, அஞ்சு நாளா நான் ஒண்ணும் போடல. அது பசியோட சுத்துது. இந்த மேட்டுல ஒருத்தரும் தகரத்தத் தொடக் கூடாதுன்னு நீங்க வீடு வீடாப் போயிச் சொல்லணும். மொதல்ல உங்க கையில இருக்குறதக் கீழ வெச்சுருங்க.

இந்தாங்க, காப்பி. சீனி கம்மியாத்தேன்...

சார்?

எங்க போனாரு மனுசன்? ஸ்டூலு மட்டும் செவுத்தோரமா இருக்கு. நோட்டையுங் காணோம். இம்புட்டு நேரம் செவுத்துக்கிட்டயா பேசுனேன்? செபாஸ்டின் பேரோடவே போயிட்டாரே. நான் பேச ஆரம்பிச்சா ஒருத்தரும் முழுசா இருக்க மாட்டாக, வீட்டுக்காரரத் தவிர. தகரம்... தகரத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாரா?

அது என்ன சத்தம்?

தட்டுறாரு. ஓடைக்கிட்ட, எறக்கத்துல, தட்டிக்கிட்டே போறாரு. ரூலாம். மணி நாலாச்சே. வளைவுல ஹாரன் அடிக்குது, பஸ்சும் வந்துருச்சு. அந்த வழியிலதேன் அவுகளும் ஏறி வருவாக, கையத் தூக்கிக் கட்டிக்கிட்டு... ஆத்தே, மேல செபாஸ்டின் வேலிக்கிட்டச் செடி ஆடுதே. கரடி எறங்குதே.

பழம் எங்க? அவுகளுக்குன்னு வெச்சிருந்த பலாப்பழம்... இந்தா இருக்கு. முழுசாவே தூக்கிக்கிறேன்.

கார்டு சார், தட்டாதீக! நில்லுங்க! ஏங்க, நீங்க பஸ்சுக்கிட்டயே நில்லுங்க, மேட்டுல ஏறாதீக! இந்தா வர்றேன், பழத்தோட வர்றேன். தட்டாதீக சார், வெறுங்கையோட தட்டாதீக. நாந்தேன் பழக்குனேன். ஊருக்கே கேக்கட்டும், நாந்தேன், நாந்தேன்...