மூன்று தட்டு

சாயங்காலம் ஆறே முக்கால். கடைசித் தெருவிளக்கும் முடிந்த பிறகு போகிற சாலை. அதில் ஒரே ஒரு நான்கு மாடிக் கட்டடம்... பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன.

போர்வையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், இழுக்காதீர்கள்; கதையைக் கேளுங்கள். இது என் அறைத்தோழியின் சித்தப்பாவுக்கு நடந்தது. குழாய் வேலை செய்கிறவர். 'ஸ்பானர்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கதை கட்டுகிற ஆள் இல்லை. அதற்கெல்லாம் அவருக்குத் தெம்பு கிடையாது.

அன்றைக்கு அது ஏழாவது வேலை. கூடவே வருகிற மச்சானுக்குக் காய்ச்சல், அதனால் தனியாகப் போயிருந்தார்.

இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம். மச்சான் மொட்டைமாடியில், தொட்டியடி வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஸ்பானர் கீழே வீட்டுக்குள். நாலு மாடிக்குக் கத்தினால் தொண்டைதான் போகும். அதனால் குழாயிலேயே தட்டிப் பேசிக்கொள்வார்கள். மேலிருந்து ஒரு தட்டு: நான் தயார். கீழிருந்து இரண்டு: திற. மூன்று: வேலை முடிந்தது, இறங்கி வா. பதினெட்டு வருஷமாக இவ்வளவுதான்.

கதவைத் திறந்தவள் கைக்குழந்தையோடு நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"பதினோரு ராத்திரியா தூக்கமே இல்லண்ணே. சுவத்துக்குள்ள டங்குன்னு ஒரு இடி. ஒண்ணே ஒண்ணு. குழந்தை வீல்னு கத்துது. அடுத்தது எப்ப வரும்னு காத்துக்கிட்டே விடிஞ்சிருது. நீங்களும் கைய விரிச்சிட்டா, எங்கம்மா வீட்டுக்கே கெளம்பிருவேன்."

"பாத்துரலாம்மா," என்றார்.

சமையலறைக் குழாயைத் திறந்து சட்டென்று மூடினார். டங். வேகமாக வருகிற தண்ணீர் திடீரென்று நின்றால் குழாய் உதறும். குழாயைச் சுவரோடு பிடிக்கிற கிளாம்ப் கழன்றிருந்தால் சுவரில் போய் மோதும். இங்கே இரண்டு கழன்றிருந்தன. சின்ன வேலைதான். அவளிடம் மொட்டைமாடிச் சாவி வாங்கிக்கொண்டு, நாலு மாடி ஏறி வால்வை மூடினார். மொட்டைமாடிக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ரப்பர் வைத்து கிளாம்பை முடுக்கும்போது, குழாய்க்குள்... டங். ஒன்றே ஒன்று. உள்ளே தண்ணீரே இல்லை. வெயிலில் காய்ந்த இரும்பு ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டார். அசந்துபோன மனசுக்கு எந்தக் காரணமும் போதும்.

முடுக்கி முடித்தார். கை தன் பாட்டுக்கு ஸ்பானரை எடுத்துக் குழாயில் இரண்டு தட்டு தட்டியது. பழக்கம்.

மேலே கர்ர்ர்... என்று வால்வு திரும்பியது. குழாயில் காற்று சீறி, தண்ணீர் வந்தது.

அவர் என்ன நினைத்தார் தெரியுமா? அப்பாடா, மறுபடி ஏற வேண்டாம். அவ்வளவுதான். பயப்படக்கூடத் தெம்பில்லாத அலுப்பு.

குழாயைத் திறந்து மூடினார். சத்தமே இல்லை. அவள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்குத் தூங்கிருவோம்ல?" என்று கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"நல்லாத் தூங்கும்மா," என்றார். அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவில், பையைக் கட்டும்போதே, குழாயில் மூன்று தட்டும் தட்டிவிட்டார்.

வாசற்படியில் இறங்கும்போதுதான் சட்டைப்பையில் சாவி குத்தியது. மொட்டைமாடி பூட்டியிருக்கிறது. அங்கே ஆள் கிடையாது.

மேலே... சப். ஈரக்கால் மாடிப்படியில் பதிகிற சத்தம். சப்... சப்... அவசரமே இல்லாமல். கூடவே தொட்டிப் பாசி நாற்றம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாலிப வயசில்கூட அப்படி ஓடியதில்லை என்று பிறகு சொன்னாராம்.

அந்த வீட்டில் அதற்கப்புறம் சத்தம் இல்லை. குழந்தைகூட நன்றாகத் தேறிவிட்டதாம்.

ஸ்பானர் இருக்கிற வாடகை வீட்டில் குழாயே கிடையாது. ஊருக்கெல்லாம் குழாய் போடுகிற மனுஷன், தெருக்கோடியிலிருந்து வாளியில்தான் தண்ணீர் தூக்குகிறார். ஆனாலும் தினமும் ராத்திரி, தலைமாட்டுச் சுவருக்குள்... டங்.

ஒன்று. நான் தயார்.

அவர் விழித்தபடி படுத்திருக்கிறார். 'வேண்டாம், போ' என்று சொல்ல அவரிடமும் மச்சானிடமும் தட்டு எதுவும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.