ஜேசுபாதம் அண்ணன் நாய்

காப்பி வேண்டாம் வக்கீலய்யா, வீட்டுல குடிச்சிட்டுதான் வந்தேன். ஊத்திட்டாவளா? சரி, குடுங்க. எங்க விட்டேன்? ஆங், கெண்டைக்கால்ல.

எங்க தெருவுக்குத் தபால் கொண்டுவாரது சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. ஜேசுபாதம் அண்ணன் வீட்டுப் படியில கால வச்சாவ, அங்கன நின்ன நாய் ஒரே கவ்வு. கூட்டம் கூடிப் போச்சு. யார் நாய்னு ஆளாளுக்குக் கேக்காவ. ஜேசுபாதம் அண்ணன் சோத்துக் கையோட வெளிய வந்து, என் நாய்தான்னுட்டாவ.

அவியளா? துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாவ. ஒத்தையாளு, கல்யாணம் பண்ணிக்கிடல. அவியளே என் நாய்னு சொன்ன பெறவு மேக்கொண்டு யாரு கேக்கப் போறா?

தொப்புளச் சுத்தி பதினாலு ஊசிங்கய்யா. தெனமும் ஜேசுபாதம் அண்ணன்தான் அண்ணாச்சியை சைக்கிள் கேரியர்ல வச்சு பெரியாஸ்பத்திரிக்கு மிதிச்சாவ. மொத ரெண்டு நாள் அண்ணாச்சி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் போனாவ. மூணாம் நாள்லேருந்து ஒரே பேச்சு. அண்ணாச்சி சைவம் பாத்துக்கிடுங்க. அவியளுக்காவ இவிய மீன் வாடையே இல்லாம பதினாலு நாளும் சைவக் கிளப்புக் கடையில தோசை தின்னாவ. எங்க தெருவே சிரிச்சுது. இப்பம் அண்ணாச்சி தபாலோட நாய்க்கு ஒரு பொறை ரொட்டியும் கொண்டாறாவ. அது வால ஆட்டிக்கிட்டு அவிய பின்னாலயே போவுது.

அண்ணாச்சி கேசு குடுக்கலங்கய்யா. மொத நாளே தபாலாபீசுல பெரியவுக எழுதி ஸ்டேசனுக்கு அனுப்பிட்டாவ. வேண்டாம்னு அண்ணாச்சி ரெண்டு தடவ போய்ச் சொன்னாவ. எழுதினது எழுதினதுதான்னுட்டாவளாம். நீங்களும் அதத்தான சொல்லுதிய. நாய வச்சிருக்கவன் கவனமா வச்சிக்கிடணும், சரிதான்.

ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதிய. கப்பல்ல ஏத்துத உப்பு மூட்டைக்கு இன்சூரன்ஸ் இருக்கு. தோணிக்கு இருக்கு. நாய் கடிச்சா அதுக்கு ஒரு இன்சூரன்ஸ் கெடையாதா? சிரிக்கிய பாத்தியளா. சும்மா கேட்டேன்.

திங்கக்கெழம கோர்ட்டுல பேரு கூப்பிடுவாவ. அண்ணன் ஆமா குத்தந்தான்னு ஒத்துக்கிடப் போறாவளாம். புதுத் துறைமுகத்துல நிரந்தரமா எடுக்க லிஸ்டு போட்டிருக்காவ, அவிய பேரும் அதுல இருக்கு. தண்டனைன்னு ஒண்ணு ஏறிட்டா அந்த லிஸ்டுல நிக்குமா? நீங்களே சொல்லுங்க.

அதுக்குத்தான்யா வந்தேன். பேர மாத்தி எழுதணும். எந்தப் பேரா? ஞானசௌந்தரின்னு எழுதுங்க.

எம் பேருதான். எங்க வீட்டுக்காரர் கொழும்புலேருந்து தோணியில அந்த நாயக் கொண்டாந்து எட்டு நாள்தான் ஆயிருந்துது. கொல்லையிலயே கட்டிப் போட்டிருந்தோம், தெருவுல யாருக்கும் தெரியாது. அவர் மறுபடி தோணியேறிட்டாரு. அன்னைக்குக் கட்ட அவுத்துக் குளிப்பாட்டினேன். சோப்புக் கையில நழுவி ஓடிட்டு. தெருவுல அத்தன பேரும் யார் நாய்னு கேக்கையில நான் ஈரச் சேலையோட கதவிடுக்குலதான் நின்னேன். ஜேசுபாதம் அண்ணன் நிமிந்து என்னையப் பாத்தாவ. பாத்துட்டுதான் அப்படிச் சொன்னாவ. இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நாயக் கொண்டான்னு நான் சொல்லல, அவியளும் கொண்டுவந்து விடல.

கோர்ட்டுல எந்தப் பக்கம் நிக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன். எழுதிட்டியளா? நாடார் கடையில சேலையெல்லாம் புதுசா எடுத்துட்டேன்யா, கோர்ட்டுக்குன்னு.