ரிப்போர்ட்டில் கழித்தது

கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். மூத்தவள் மடியில் கிளினிக் கொப்பி.

“ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ரத்தம் பாத்தாங்க. ஒடம்ப ஒடம்பே தாக்குற சாமான் அறுபதுனு ரிப்போர்ட். நான் நாப்பதுனு எடுத்துக்கிட்டேன்.”

“ஏன்க்கா?”

“கொழுந்து நிறுக்குறப்ப தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிறாங்கல்ல. ரத்தத்துலயும் தண்ணி இருக்குந்தானே. அதான் கழிச்சிட்டு, மாத்திரையிலயும் ஒண்ணக் கொறச்சேன்.”

“டொக்டர் ஏசலையா?”

“ரிப்போர்ட்ட மூடி வச்சிட்டு என் காலப் பாத்தாரு. செவப்பு செவப்பாப் புள்ளி. நம்பர மட்டும் நம்பக் கூடாதாம், ஆளையும் பாத்துத்தான் மருந்தாம். ரெண்டு மாத்திரை கூட்டிட்டாரு.”

“கொழுந்து நிறுக்குற நம்ம கணக்கப்புள்ளையையும் அவருகிட்ட அனுப்பணும். தராச மட்டுந்தானே பாக்குறான்.”

மூத்தவள் கொப்பியைப் பைக்குள் திணித்தாள்.

“எங்க? அவன் ஆளப் பாத்துத்தான் எனக்கு ரெண்டு கிலோ கூடக் கழிக்கிறான்.”