கூவக் கூடாத தெரு

கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் கிளம்பியது. எனக்கு முன் சீட்டில், மடித்த சாக்குகளை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த இளைஞரிடம் சொன்னார்:

"என் தொண்டைக்குப் பஞ்சாயத்துல தடை போட்டுட்டாங்க, தம்பி."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீய?"

"ஆக்ரி வாங்க வாறவன் தெருவுல கூவக் கூடாதாம். பழைய இரும்பு, பேப்பர்னு எந்த ஆக்ரி வேணும்னாலும் வீடு வீடா பெல் அடிச்சுக் கேக்கணுமாம். தெருமுனையில போர்டே வச்சாச்சு."

"அப்போ பெல் அடிக்க வேண்டியதுதானே?"

"அடிச்சேன்லா! தூங்குத பிள்ளைய எழுப்பிட்டேன்னு ஒரு வீட்டுல ஏச்சு. அடுத்த வீட்டுல நாய அவுத்து விட்டுட்டாவ. சரின்னு பெல்லும் அடிக்காம, வெளிய யாராச்சும் நிக்காவளான்னு ஒவ்வொரு வீட்டு கேட்டையும் பாத்துக்கிட்டே நடந்தேன். போட்டோ புடிச்சு போலீசுக்கு அனுப்பிட்டானுவ. நோட்டம் பாக்குத கள்ளனாம்!"

"ஐயையோ! ஸ்டேஷனுக்கா கூப்பிட்டாவ?"

"ரெண்டு மணிக்கூர் உக்கார வச்சான். இருபது வருசமா அந்தத் தெருவுல தொண்டை கிழியக் கூவியிருக்கேன். ஒருத்தன் என்னைக் கள்ளன்னு சொன்னதில்ல!"

"வார்டு மெம்பர்ட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சத்தமும் வரக் கூடாது, சந்தேகமும் வரக் கூடாது, அந்த மாதிரி வான்னு சொல்லுதான். எந்த மாதிரிடே அது?"

அவருடைய ஸ்டாப் வந்தது. சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர், தெருமுனையில் இருந்த அந்தப் போர்டுக்குக் கீழேயே போய் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கூவினார்.

"ஆக்ரியே...! கள்ளன் இல்ல... ஆக்ரியே...!"