கிளட்ச் பிடிக்காத கை

உடன்குடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவருக்கு இடது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. படகுக் கயிற்றில் சிக்கி நசுங்கியதாம். காலடியில் கருவாட்டு மூட்டை.

"ஏளா, இனிமே கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாத்துவேன். பைக் சாவியைத் தா."

"கையோட புத்தியும் போச்சா? பஸ்லயே கொண்டு போய் வித்தா என்ன குறைச்சல்?"

"பஸ் மெயின் ரோட்டோட நின்னுருதுல்லா. செம்மணல் தேரிக்காட்டுக்குள்ள இருக்க ஊர்க்காரங்க நம்மளை மறந்தே போயிருவாங்க."

"கிளட்ச் இல்லாம வண்டி எப்படிக் கிளம்பும்?"

"கிளம்பவும் நிறுத்தவும் மட்டும் ஆள்காட்டி விரலால பிடிப்பேன். அந்தளவுக்கு வலு இருக்கு. ஓட்டத்துல ஆக்சிலேட்டரைச் சட்டுனு விட்டு, அதே நேரம் காலால தட்டினா, கியர் சத்தமில்லாம விழுது."

"விழுதா? எங்க போய் ஓட்டிப் பாத்திய?"

"உப்பளத்து ரோட்டுல, உன் தம்பி வண்டியில. முதல் நாள் அது கத்துன கத்துக்குக் கொக்கெல்லாம் பறந்துட்டு. நேத்து ஒரு கொக்குகூட அசையலை."

"எந்தம்பியும் கூட்டா? வீட்டுக்கு வரட்டும் அவன்!"

சொல்லிக்கொண்டே பர்ஸைத் திறந்து, சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நாளைக்கு நானும் வண்டியில பின்னாடி ஏறுவேன். எனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்க."