எத்தனை பேர் ஏறினார்கள்

— பதறாதீங்க கலோலைனே அக்கா. கம்ப்யூட்டர் திரையில என்ன எழுதியிருக்கோ அத மட்டும் அப்படியே படிங்க.

— கறுப்பா இருக்கு தம்பி. மேல வெள்ளை எழுத்துல ரெண்டு வரி. டிஸ்க் இல்லங்குது. காலைல வரைக்கும் இருந்த டிஸ்க் எங்க போகும், செமிசி?

— எங்கயும் போகல. உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போச்சு. கரண்டு போய் வந்ததும் மிஷினுக்குத் தன் உடம்புல என்னென்ன இருக்குன்னே மறந்துபோச்சு. நான் இங்க தலைநகரத்துல, நுக்குஅலோஃபால உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணா அதுக்கு ஞாபகப்படுத்தணும். உங்க கைதான் இப்ப என் கை.

— சொல்லு, என்ன பண்ணணும்?

— ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஆன் ஆனதும் டெலிட் கட்டைய விடாம தட்டிக்கிட்டே இருங்க. போன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க.

— வச்சுட்டேன். வெளிய எரநூறு பேருக்கு மேல நிக்கிறாங்க தம்பி. நெய்யாஃபு ஊரே இந்த டிக்கெட் கடை வாசல்லதான் நிக்குது.

— கப்பலப் பத்தி எதாச்சும் தெரிஞ்சுதா?

— நம்ம லூப்பே கப்பல் கவுந்துருச்சு. அது உறுதியாயிருச்சு. ஹாபாய் தீவுக்கு வடக்க. போலீஸ் சார்ஜென்ட் மாகா ரேடியோவோட வாசல்லயே நிக்கிறாரு. கடற்படைப் படகு ஒண்ணு, மீன் படகு ரெண்டு, யாரோ ஒரு வெள்ளைக்காரனோட பாய்மரம், எல்லாம் அங்க தண்ணிலேர்ந்து ஆளுங்களத் தூக்கிட்டு இருக்கு. மாலுமிங்களச் சேக்காம அறுபத்தெட்டு பேரத் தூக்கியாச்சாம். இன்னும் எத்தன பேரத் தேடணும்னு கேக்குறாங்க. காலைலேர்ந்து என்கிட்ட எல்லாரும் கேக்குறது அது ஒண்ணுதான். எத்தன பேர் ஏறினாங்க?

— உங்களுக்கு ஒரு குத்துமதிப்பு கூடவா இல்ல?

— சபை மாநாட்டுக்குப் போற ஜனம் தம்பி. பாய்க்கட்டு, கிழங்குக் கூடை, பன்னிக்குட்டின்னு காலைல அஞ்சரைக்கே வரிசை கட்டிட்டாங்க. நான் தலையவே நிமித்தல. பேரக் கேட்டேன், தட்டுனேன், சீட்டுல முத்திரை குத்திக் குடுத்தேன். எண்ணிக்கிட்டா இருந்தேன்? எண்ணுறதுக்குத்தானே இந்த டப்பா இருக்கு.

— கேப்டன்?

— தூக்கிட்டாங்க. ஆனா நினைவு வரல. மத்த மாலுமிங்கள்ல ஒருத்தன் எழுபதுங்குறான், ஒருத்தன் நூறுங்குறான். மாகா சொல்றாரு, வாய்க்கு வந்தத வச்சுக் கடல்ல தேட முடியாது, பேர்ப்பட்டியலக் குடுங்கன்னு. தம்பி, நீல நிறமா ஒண்ணு வந்துருக்கு.

— அதான். தட்டுறத நிறுத்துங்க. இப்ப மேல ஒரு பட்டியல் தெரியுதா? அம்புக்குறிய வச்சு மூணாவதுக்கு வாங்க.

— கீழ போற அம்புக்குறி வேலை செய்யாதே. உப்புக்காத்து தின்னுருச்சு. நீதானே போன வருஷம் சொன்ன.

— ஆமா, மறந்துட்டேன். அப்ப மேல போற அம்புக்குறிய அமுத்துங்க. அது சுத்திக்கிட்டுக் கடைசிக்கு வரும். அங்கேர்ந்து ஒவ்வொண்ணா மேல ஏறி மூணாவதுக்கு வாங்க.

— மேல. மேல. மேல. கர்த்தரே, இதுக்கு ஒரு கட்டை வாங்க மாட்டேன்னுட்டாரே இந்த முதலாளி.

— அவரத் திட்டி இப்ப ஆகப்போறது ஒண்ணுமில்ல.

— திட்டாம? ஆக்லாந்துல உக்காந்துக்கிட்டு, ஓடுற வரைக்கும் ஓடட்டும் கலோலைனே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு. இன்னிக்கு ஓடலையே. போன் பண்ணா எடுக்கவும் மாட்டேங்குறாரு.

— தப்பு அவர் மேல மட்டும் இல்லக்கா. பதினோரு வருஷமா இத நான்தானே உயிரோட வச்சிருக்கேன். செத்த மிஷின்லேர்ந்து ஒரு ஃபேனு, பள்ளிக்கூடத்துல தூக்கிப்போட்டதுலேர்ந்து ஒரு டிஸ்க்கு. எனக்கு ஒரு பெருமை வேற, உங்க வவாவு தீவுல இந்தப் பழசத் தொடத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு. ஒருநாளு முடியாதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே புதுசு வந்துருக்கும்.

— அத விடு. நீ இல்லேன்னா இந்தக் கடை என்னிக்கோ பூட்டியிருக்கும். வந்துட்டேன் மூணாவதுக்கு.

— என்ட்டர். எழுத்து ஓடுதா? பொறுங்க. டிஸ்க்க அதுவே தேடும். டிஸ்க்கோட அளவு, பதிமூணுன்னு ஒரு எண் வந்தாச் சொல்லுங்க.

— தேடுது. தம்பி, மாகா எட்டிப் பாக்குறாரு. இதோ சார், இதோ வந்துருச்சு சார், ஆளு லைன்லதான் இருக்காரு. தம்பி, எழுபத்தொண்ணு ஆச்சாம். கடல்ல காத்து ஏறுதாம்.

— பதிமூணு வந்துதா?

— வந்துருச்சு. பதிமூணு, அப்புறம் என்னமோ.

— நல்லது. எஃப் பத்து, அப்புறம் ஒய், அப்புறம் என்ட்டர், அப்பத்தான் கண்டுபிடிச்சதப் பதிஞ்சுக்கும். இப்ப திரும்ப அணைஞ்சு எரியும். பயந்துராதீங்க.

— எரியுது. என்னமோ சதவீதம் போடுது. ரெண்டு. மூணு. ஏன் தம்பி இவ்ளோ மெதுவா?

— டிஸ்க்கச் சோதிக்குது. கரண்டு திடீர்னு போனா அப்படித்தான் செய்யும். நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா இன்னிக்கித் தட்டுன பேரெல்லாம் போனாலும் போயிரும்.

— எவ்ளோ நேரம் ஆகும்?

— தெரியலக்கா.

— தெரியலன்னா?

— நூறு வர்ற வரைக்கும் நீங்களும் நானும் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். நான் அங்க இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்.

— பதினொண்ணு. பன்னெண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. வெளிய வந்தா மரியாதைக்கு இடுப்புல சுத்துற பாயக்கூடச் சுத்தாம ஓடி வந்துருக்கு. பன்னெண்டுலயே நிக்குது தம்பி.

— நிக்கும். அப்புறம் நகரும்.

— நீ எதாச்சும் பேசிக்கிட்டே இரு. பேசாம இருந்தா எனக்கு அந்தத் தண்ணிதான் கண்ணுல வருது.

— என்னக்கா பேச. நானும் இங்க ஜெபம்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன். ஒரு டிஸ்க்குக்காக ஜெபம் பண்ணுவேன்னு நெனச்சுக்கூடப் பாத்ததில்ல.

— நாப்பது. வேகமாப் போகுது இப்ப. அறுபத்தஞ்சு. தொண்ணூறு. தம்பி, முடிஞ்சுது. பச்சை எழுத்து வந்துருச்சு. நம்ம டிக்கெட் திரை. பேரெல்லாம் இருக்கு தம்பி, பேரெல்லாம் அப்படியே இருக்கு. செமிசி? அலோ? தம்பி, கேக்குதா?

— அக்கா, இப்பத்தான் லைன் கெடச்சுது. ஒரு மணி நேரமா அடிச்சுக்கிட்டே இருக்கேன். என்ன ஆச்சு?

— நீ நல்லா இருப்ப தம்பி. நீ நூறு வருஷம் நல்லா இருப்ப.

— பட்டியல் வந்துதா?

— வந்துது. மாகா வந்து கடைசி வரில இருந்த எண்ணப் பாத்தாரு, ரேடியோல சொன்னாரு. அதுக்கு மேல படபடன்னு நடந்துபோச்சு. ஒரு மீன் படகு அஞ்சு பேரத் தூக்குச்சு. கடைசியா நாலு பேரு பவளத்திட்டு மேல ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கிட்டு நின்னாங்களாம். அவங்களையும் ஏத்துனதும் கணக்கு சரியாயிருச்சு. ஒரு உயிர்கூடப் போகல தம்பி. ஒண்ணு போகல.

— கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

— வெளிய பாடுறாங்க, கேக்குதா? சார்ஜென்ட் தொப்பியக் கழட்டிட்டு அழுதாரு, இப்பத்தான் ஸ்டேஷனுக்குப் போனாரு. படகெல்லாம் திரும்பிருச்சு. நாலும் நாலு திசைல, எது எந்தத் தீவுக்குப் பக்கமோ அங்க. யார் எந்தப் படகுல இருக்காங்கன்னு கரைக்கு வந்துதான் பேரப் பாக்கணும். அதுக்கென்ன, எல்லாரும் இருக்காங்கள்ல.

— மன்னிச்சுக்குங்க அக்கா. கதவு தொறந்து இருந்துச்சு, வந்துட்டேன். ஒரே ஒரு பேரப் பாத்துச் சொல்ல முடியுமா?

— வா வா. இந்தப் பொண்ணுதான் தம்பி, நான் சொன்னேனே, கண்ணாடிக்கு வெளிய நின்னுது. உன் பேரென்னம்மா?

— சிசிலியா. என் வீட்டுக்காரர் டோமாசி. டோமாசி லவாகா. காலைல எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாய்த்தகராறு. கூடையத் தூக்கிக்கிட்டு மாநாட்டுக்குப் போறேன்னு கெளம்பிட்டாரு. ஏறினாரா, இல்ல அவங்க அண்ணன் தோட்டத்துக்குப் போயிட்டாரான்னு தெரியல. அங்க போன் கெடைக்காது.

— இரு, பாக்குறேன். டோமாசி. டோமாசி. ஒரு டோமாசி இருக்கு, அது வேற குடும்பம். லவாகான்னு யாரும் இல்லையே.

— நல்லாப் பாத்தீங்களா அக்கா?

— மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன். எனக்கும் அவரக் காலைல வரிசைல பாத்த மாதிரிதான் தோணுச்சு. வயசாகுது, முகமெல்லாம் ஒண்ணா கலந்து போச்சு. மிஷின்ல பேர் இல்லேன்னா அவர் ஏறல. அண்ணன் தோட்டத்துலதான் கோவமா படுத்திருப்பாரு.

— படுத்திருக்கட்டும். வரட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போய்ச் சமைக்கிறேன். ரொம்ப நன்றி அக்கா. அந்த அண்ணனுக்கும் சொல்லுங்க.

— கேட்டியா தம்பி? உனக்குத்தான் நன்றி சொல்லுது. சிரிச்சுக்கிட்டே ஓடுது பாரு.

— அக்கா, மொத்தம் எத்தன பேருன்னு காட்டுச்சு?

— எண்பது. அழகா, உருண்டையா, எண்பது.

— லூப்பேல எத்தன பேர் போகலாம்?

— நூத்தம்பது. பழைய படகு மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும். முதலாளி போன மாசம் ஃபிஜிலேர்ந்து கொண்டு வந்தாரு. இன்னிக்குத்தான் மொத மொதல்ல இவ்ளோ கூட்டம். உனக்குச் சொல்லலையா?

— யாரும் சொல்லல.

— சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? கப்பலுக்கும் இந்த டப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?

— இந்த ப்ரோகிராம் பழைய படகுக்காக எழுதுனதுக்கா. அதுல எண்பது இடம்தான். எண்பது நிறைஞ்சதும் வேற யாரையும் உள்ள விடாது. எண்பத்தொண்ணாவது பேரத் தட்டி என்ட்டர் அடிச்சா, டிங்குனு ஒரு சத்தம் போட்டுட்டு அந்தப் பேர அழிச்சிரும். போன வைக்காதீங்க. கடைப் போன்லேர்ந்து மாகாவக் கூப்பிடுங்க, படகத் திருப்பச் சொல்லுங்க. இன்னும் எத்தன பேருன்னு கேப்பாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அந்தச் சத்தம் காலைல எத்தன தடவ கேட்டுச்சு?

— மொதல்ல மூணு நாலு தடவ கேட்டுச்சு தம்பி. அப்புறம் தலைவலி தாங்காம, மிஷினோட ஸ்பீக்கர் ஒயர நான்தான் புடுங்கிப் போட்டேன்.