மாப்பிள்ளை பார்த்த சுரங்கப் படம்

எழுபதுகளில் ஒரு சாயங்காலம், தூத்துக்குடியிலிருந்து ஆலந்தலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இளம்பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஏளா செலின், மாப்பிள்ளை என் மடியில ஏறி உக்காந்துட்டாரு" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"எங்கன வச்சு?"

"தியேட்டர்லதான். நாங்க ரெண்டு பேரும் பாத்துப் பேசிக்கிடட்டும்னு ரெண்டு வீட்லயும் சேந்து அந்தச் சுரங்கப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ. படத்துல சுரங்கத்துக்குள்ள மண்ணு சரிஞ்சு விளக்கு அணைஞ்சுது பாரு, 'மேல இழுங்கலே!'ன்னு கத்திட்டு ஒரே தாவு."

"கடலுக்கடியில சங்கு குளிக்கிற ஆளா இப்படி?"

"வெளிய கூட்டியாந்து சோடா வாங்கிக் குடுத்தேன். 'கடல்ல மேல பாத்தா வெளிச்சம் தெரியும், கயித்தை அசைச்சா தூக்கிருவாங்க. அங்கன ஒண்ணுமே இல்லியே'ங்காரு. பொறவு அவரே சிரிச்சிட்டாரு. எனக்கும் அடக்க முடியல."

இப்போதும் அவளால் அடக்க முடியவில்லை. செலினும் சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உங்க அம்மா என்ன சொல்லுதாவ?"

"பயந்தாங்கொள்ளிக்குப் பொண்ணு குடுக்கணுமான்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காவ. நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

"என்ன சொல்லப் போற?"

அவள் வாய் திறப்பதற்குள், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பினார். "அந்தப் படமாம்மா? நான் பாத்துட்டேன். கடைசியில உள்ள மாட்டுனவங்க எல்லாரும்..."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, சொல்லிராதீங்க அண்ணாச்சி! ஞாயித்துக்கிழமை அவரோட போயி மிச்சத்தைப் பாக்கணும்!"